கஸ்பாரின் பதினோராவது சுற்று

ஒரு காலத்தில் எங்கள் புன்னைத்துறையில் பெண் கேட்டுப் போனால், உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்னாலேயே "நீங்க எந்த மூடி?" என்றுதான் கேட்பார்கள். மூடி என்றால் வள்ளத்தின் பின்பக்கம் மாட்டுகிற எஞ்சினின் தலையில் கவிழ்த்திருக்கும் மூடி. நீலமூடி வீடு, வெள்ளைமூடி வீடு, சாம்பல்மூடி வீடு என்று எங்களுக்கு மூன்று பந்தய வீடுகள். மற்ற வீடுகளிலும் எஞ்சின் உண்டு, அவை மீனுக்குப் போகும், வரும், அத்தோடு சரி. இந்த மூன்று வீட்டு எஞ்சின்கள் மட்டும் வருஷத்தில் ஒரு நாள், அதிதூதர் கோயில் திருவிழாவின் ஒன்பதாம் நாள் மத்தியானம், ஊரையே கரையில் நிற்கவைத்து ஓடும். நான் சாம்பல்மூடி வீட்டுச் சந்தியாகு. என் பேச்சில் எங்கள் வீட்டுப் பெருமை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கும் சேர்த்துத் தலைகுனியப் போகிறவன் நான்தான்.

அந்த மூன்று வீட்டு ஆட்களும் தங்கள் எஞ்சின்களைப் பார்த்துக்கொண்ட மாதிரி பெற்ற பிள்ளையைப் பார்த்திருந்தால் ஊரில் பாதிப் பேர் டாக்டராகியிருப்பார்கள். வெள்ளைமூடி இன்னாசியார் எஞ்சின் விசிறியின் இலைகளை அரத்தால் ராவி, சாவியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, கோயில் மணி மாதிரி நாதம் வருகிறவரை மறுபடியும் ராவிக்கொண்டே இருப்பார். நீலமூடி வீட்டில் பிளக்குகளை உப்புக்காற்று படக்கூடாதென்று அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். ஒரு தடவை சம்பந்தி விருந்தில் சோற்றோடு சோறாக ஒரு பிளக் வெந்து இலையில் விழுந்தது, சம்பந்தி அதை முருங்கைக்காய் என்று நினைத்துக் கடித்துப் பல்லைப் போக்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் கடலிலிருந்து வந்த எஞ்சினை டிரம்மில் நிறைத்த நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுவோம், நாங்கள் ஒரு குடத்துக்கு மூன்று மைல் நடந்த கோடையிலும் எஞ்சினுக்குத் தண்ணீர் குறைந்ததில்லை, கேட்டால் "ஒனக்கு தாகம்னா வாய்விட்டு கேப்ப, அது எப்படில கேக்கும்?" என்பாள் எங்கள் அம்மா. பெட்ரோலில் எத்தனை பங்கு எண்ணெய் கலப்பது என்பது மூன்று வீட்டிலும் பெண்கள் கையில்தான் இருந்தது, குழம்புக்குப் புளி கரைத்த கைக்குத்தான் அந்தப் பக்குவம் பிடிபடும் என்பது எங்கள் நம்பிக்கை.

பந்தயம் பத்துச் சுற்று. வடக்கே ஒரு கொடிக்கம்பு, தெற்கே ஒரு கொடிக்கம்பு, இரண்டையும் வளைத்துக் கரையை ஒட்டி வந்தால் ஒரு சுற்று, ஆறு நிமிஷம். கொடிக்கம்புக்கு வெளியே போனால் ஆட்டத்திலேயே கிடையாது. எஞ்சின் இரைச்சலில் ஓட்டுகிறவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது, எத்தனை சுற்று போனதென்றும் அவனுக்கு நினைவிருக்காது, அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெண் கரையில் துணியோடு நிற்பாள். வெள்ளைத் துணி ஆட்டினால் இன்னும் ஓட்டு. சிவப்புத் துணி ஆட்டினால் கடைசிச் சுற்று. நடுவர்கள் காட்டும் கொடியை எவனும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான், ஏனென்றால் எங்கள் ஊரில் நடுவர் என்று தனியாக யாரும் பிறப்பதில்லை, அவரும் யாரோ ஒருவனுக்கு மாமன் மச்சான்தான். அம்மாவோ பெண்டாட்டியோ காட்டுகிற துணிதான் வேதம். சிவப்பைப் பார்த்துவிட்டால் கைப்பிடியை முழுசாக முறுக்கி, காற்றுப் பிடிக்காமல் வள்ளத்தோடு வள்ளமாகக் குனிந்து படுத்துக்கொள்வான், அதற்குப் பிறகு கரைப்பக்கம் திரும்பமாட்டான், அந்தச் சுற்று முடிந்ததும் மணலில் வந்து ஏறுவான்.

நீலமூடி வீட்டுக் கஸ்பார் எங்கள் அண்ணன் மிக்கேலைவிட நல்ல ஓட்டக்காரன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது. அவனுக்குக் கல்யாணமான வருஷம், பக்கத்துக் கரையிலிருந்து வந்த கித்தேரி புதுப்பெண்ணாகத் துணி பிடித்து நின்ற வருஷம், ஒன்பதாவது சுற்று முடிந்ததுமே கஸ்பார் கரையேறிவிட்டான், மிக்கேல் பத்தையும் முடித்துக் கோப்பையை வாங்கினான். "நீதான செவப்பு காட்டுன?" என்று கஸ்பார் கேட்க, "மாதா மேல சத்தியமா வெள்ளதான் வச்சிருந்தேன்" என்று அவள் அழ, கஸ்பாருக்கு ஒன்பதுக்கு மேல் எண்ணத் தெரியாது என்று ஊர் ஒரு வருஷம் சிரித்தது. அடுத்த திருவிழாவுக்குக் கித்தேரி நிறைமாதம். பந்தயத்துக்குப் போகும்முன் கோயில் படியில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி அவன் அவளிடம் சொன்னான்: "இனிமே நான் துணிய நம்ப மாட்டேம்ட்டி. ஒன்னைய பாத்துட்டுத்தான் முறுக்குவேன். நீ நின்னாத்தான் செவப்பு."

எட்டாவது சுற்றில் கித்தேரிக்கு வலி எடுத்தது. பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள், துணிகள் மணலிலேயே கிடந்தன. மூன்று வள்ளத்தில் இரண்டு வள்ளம் பத்தாவது சுற்று முடிந்து கரையேறின, எங்கள் அண்ணன்தான் அந்த வருஷமும் முதலில் வந்தான். கஸ்பார் கரையை ஒட்டி வந்தான், நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான், கித்தேரி இல்லையென்று கண்டான், பதினோராவது சுற்றுக்குப் போனான்.

பெட்ரோல் பத்துச் சுற்றுக்குத்தான் ஊற்றியிருந்தது. பன்னிரண்டாவதில் நின்றுவிடும் என்றார்கள், பிறகு பதினைந்தில் என்றார்கள், பொழுது சாய்ந்ததும் கோயில் விருந்தின் அசனச் சோறு ஆறிப்போகிறதே என்று எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனார்கள். மறுநாள் காலைப் பூசைக்குப் போனவர்கள் அவன் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இன்னும் கரையேறலியா?" என்று கேட்டுவிட்டுப் பூசைக்குப் போனார்கள். மூன்றாம் நாள் இன்னாசியார் மட்டும் கொஞ்சம் யோசித்தார், டேங்கியில் எண்ணெய் இல்லாமல் ஓடுகிற எஞ்சினுக்கு என்ன கலப்பு போட்டிருப்பார்கள் நீலமூடி வீட்டில் என்றுதான் அவருடைய யோசனை எல்லாம்.

நிறுத்தப் பார்க்காமல் இல்லை. வள்ளத்தில் போய்ப் பக்கத்தில் நின்று சொல்லலாம் என்று போனால், போட்டிக்கு ஒருத்தன் வருகிறான் என்று நினைத்து இன்னும் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டான். குறுக்கே கயிறு கட்டினார்கள், எஞ்சினைத் தூக்கிச் சறுக்கித் தாண்டி மறுபடி இறக்கினான், அதைக் கரையில் நின்று பார்த்தவர்கள் தங்களை அறியாமல் கைதட்டிவிட்டார்கள். பங்குச்சாமியார் அதிதூதர் சுரூபத்தை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு எதிரே போனார், கஸ்பார் இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டே அதிதூதரையும் முந்திப் போனான்.

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கடற்கரைக்கு வரக்கூடாது என்பது எங்கள் வழக்கம். கித்தேரி கெஞ்சினாள், கதவைத் தட்டினாள், பெண்கள் விடவில்லை, போதாததற்குக் காய்ச்சலும் வந்து அவளைப் பாயோடு ஒட்டவைத்தது. நாற்பத்தோராம் நாள் ஜெனோவா என்று பேர்வைத்த பெண் குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள், ஊரும் பின்னாலேயே ஓடியது. கஸ்பார் வந்தான். துணியைப் பார்த்தான். வேகத்தைக் குறைத்து அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான், பார்த்துவிட்டுச் சிரித்தான், ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினான், போய்விட்டான். இன்னும் ஒரே ஒரு சுற்று என்கிறான் என்று ஊர் அதற்கு அர்த்தம் சொல்லியது. கித்தேரியும் அதை நம்பி அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தாள், அதற்கு அடுத்ததற்கும் காத்திருந்தாள், இருபத்திரண்டு வருஷம் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்குச் சிவப்புத் துணியோடு நின்றாள், அவனும் தினமும் சிரித்து ஒரு விரலை ஆட்டிவிட்டுப் போனான்.

ஊருக்கு எதுவும் பழகிவிடும். பழகாதது செத்தவனுக்கு மட்டும்தான். சோறு வடிக்க நாலு சுற்று, முட்டை வேக இரண்டு சுற்று என்று பெண்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள், ஊரில் சுவர்க்கடிகாரம் வாங்குகிறவர்களே குறைந்துபோனார்கள். மீனுக்குப் போகிறவர்கள் அவன் போனதும் வருகிற அலையில் வள்ளத்தைத் தள்ளினால் பாதி முயற்சி மிச்சம் என்று கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் கால்பரீட்சைக்கு, கஸ்பார் ஒரு சுற்றை ஆறு நிமிடத்தில் முடித்தால் ஒரு வாரத்தில் எத்தனை சுற்று என்று கேள்வி வந்தது, ஒரு பிள்ளை "முடியாது" என்று எழுதி வைத்ததற்கு டீச்சர் அரை மதிப்பெண் போட்டார். ரேஷன் கார்டில் பேரை எடுக்க வந்த அதிகாரி, ஆள் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று கேட்டு, கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டியதும் அவன் கையாட்டியதைப் பார்த்துவிட்டு, சீனி அளவைக்கூடக் குறைக்காமல் போய்ச் சேர்ந்தார். அவனுக்கு மட்டும் வயது ஏறவில்லை. இருபத்தேழிலேயே இருந்தான், போட்டிருந்த மஞ்சள் பனியனும் கிழியவில்லை. அவனுக்கு அது இன்னும் அதே மத்தியானம்.

கஸ்பாரின் அம்மா செத்தபோது பெட்டியைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் வழியில் கரையில் இறக்கிவைத்து ஒரு சுற்றுக்குக் காத்திருந்தோம், பெற்ற பிள்ளை ஒரு தடவை பார்க்கட்டுமே என்று. அவன் வந்தான். இத்தனை கூட்டம் தனக்காகத்தான் நிற்கிறது என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் கித்தேரி முதல்முதலாக மணலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

இடையில் கடல் எங்கள் ஊரைத் தின்ன ஆரம்பித்தது. முதல் தெரு போனது, இரண்டாம் தெருவில் பாதி போனது, கித்தேரி வீட்டு அடுப்படிச் சுவரே ஒரு ஆவணி மாதம் கடலுக்குள் விழுந்தது. கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டுத் தாருங்கள் என்று எட்டு வருஷம் மனுக்கொடுத்தோம், ஒவ்வொரு மனுவிலும் கித்தேரியும் கையெழுத்துப் போட்டாள். கடைசியில் உத்தரவு வந்து, லாரி லாரியாகக் கல் வந்து, வடக்கேயிருந்து கடலுக்குள் கல்மேடு நீள ஆரம்பித்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது, அது நேராக வடக்குக் கொடிக்கம்பைப் பார்த்து வருகிறது. கொடிக்கம்பை முந்தியே பிடுங்கியாயிற்று, ஆனாலும் கஸ்பார் அது நின்ற இடத்தைச் சுற்றித்தான் திரும்புவான், அதற்கு வெளியே செத்தாலும் போகமாட்டான், போனால் ஆட்டத்தில் கிடையாதே. கல்லுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே நாற்பது பாகம் இருந்தது, ஒரு பாகம் என்றால் ஆறடி, பிறகு இருபது பாகம் ஆனது, சித்திரை பிறந்தபோது பத்துப் பாகம்.

கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம் போட்டோம். கல்லை நிறுத்தினால் இந்த மழைக்கு மூன்றாம் தெரு நிற்காது. கல்லை நிறுத்தாவிட்டால் கஸ்பார் அதில் மோதுவான். யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கொடுமை. வேலையைப் பார்க்க வந்த என்ஜினியர் தம்பிகூட நல்ல பிள்ளை, தன் வரைபடத்தை விரித்துக்காட்டி, "இதுல அவரு ஓடுற பாதையே இல்லையேங்க" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். மேலே எழுதிப் போட்டதற்கு, சம்பந்தப்பட்டவர் தமது படகை நிறுத்திக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படலாம் என்று பதில் வந்தது. எல்லோரும் கித்தேரியைப் பார்த்தார்கள்.

"கல்லப் போடுங்க" என்றாள் கித்தேரி. "பிள்ளகுட்டி இருக்குற வீடுவ." அவ்வளவுதான் சொன்னாள், எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கு நாலரை மணிக்கு நானும் கரைக்குப் போனேன். அண்ணன் மிக்கேல் இறந்து ஆறு வருஷமாகிவிட்டது, சொல்லவேண்டாம் என்று தடுக்க ஆளில்லை, இருந்தாலும் கால் மணலில் புதைந்து புதைந்துதான் போனேன். கஸ்பார் வந்து, சிரித்து, விரலை ஆட்டிவிட்டுப் போனான்.

"மைனி," என்றேன், "அது இன்னும் ஒரு சுத்துங்கிற அர்த்தம் இல்ல."

"பொறவு என்னவாம்?"

"ஏமாத்தப் பாக்காத, இந்தத் தடவ நான் ஏமாற மாட்டேங்கிறாரு."

கித்தேரி துணியை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன். அவர்கள் கல்யாணமான வருஷத்துப் பந்தயத்தில், எங்கள் அம்மாவின் நீலச்சேலையைக் கட்டி முக்காடு போட்டுக்கொண்டு, அவள் நின்ற இடத்துக்கு நூறடி முன்னால் பாறைமேல் நின்று, ஒன்பதாவது சுற்றுக்குச் சிவப்புத் துணி ஆட்டியது நான்தான் என்று சொன்னேன். கஸ்பார் சிவப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டான், அப்புறம் அவள் ஆட்டிய வெள்ளையை அவன் பார்க்கவே இல்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, அண்ணன் சொன்னான், செய்தேன், செய்துவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால் போய் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செவப்ப பாத்தேன் செவப்ப பாத்தேன்னு தலைல அடிச்சி சத்தியம் பண்ணாருலே," என்றாள். "நான் நம்பல. பொய் சொல்லுதியன்னு மூணு நாளு அவருகூட பேசல." "நீ எப்பம்ல தெரிஞ்சிக்கிட்ட, அந்த வெரலுக்கு அர்த்தம்?"

"நாப்பத்தோராம் நாளே."

"இருவத்திரெண்டு வருசமா வாய்ல என்னத்தல வச்சிருந்த?"

பதிலுக்கு நிற்காமல் அவள் தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். "ஒன்னைய பாத்துட்டுத்தான் முறுக்குவேன்னாரு. என்னைய எப்பம் பாத்தாரு? நெறமாசமா நிக்கும்போ பாத்தாரு. அவருக்கு இது இன்னும் அதே மத்தியானம். வயிறு ஒட்டிப்போயி ஒரு பொம்பள வந்து செவப்பு காட்டினா எப்படி நம்புவாரு? இன்னைக்கு போயி தலகாணிய கட்டிக்கிட்டு நின்னாலும் மொகம் இல்லியே சந்தியாகு. மொகம் போச்சே." சட்டென்று பேச்சை நிறுத்தினாள். அவள் நினைத்தது எனக்கும் அதே நேரம் தோன்றியது, இரண்டு பேரும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பினோம். அங்கே தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ஜெனோவா, ஒன்பது மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கித்தேரியை இருபத்துமூன்று வயதில் பார்த்தவர்கள் ஜெனோவாவைப் பார்த்தால் ஒரு நிமிஷம் தடுமாறுவார்கள். அச்சில் வார்த்த மாதிரி என்பார்களே, அது.

ஜெனோவா முதலில் மாட்டேன் என்றாள். "அப்பா எறங்கி வந்து, என்னைய அம்மான்னு நெனச்சா நான் என்னம்மா செய்வேன்?"

"அதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்," என்றாள் கித்தேரி. "மொதல்ல உசுரோட எறங்கட்டும்."

கல்லுக்கும் திரும்புகிற இடத்துக்கும் நடுவே நாலு பாகம் மிச்சமிருந்த அன்றைக்குக் கித்தேரி மகளுக்கு அந்த நாளில் தான் போட்டிருந்த மாதிரி நடுவகிடு எடுத்துக் கொண்டை போட்டு, பழைய பச்சைச் சேலையைக் கட்டிவிட்டு, கரையில் தான் நிற்கிற இடத்திலேயே நிற்கவைத்து, சிவப்புத் துணியைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்க் கூட்டத்தோடு நின்றுகொண்டாள். ஊர் முழுக்க வந்திருந்தது. லாரிக்காரர்கள் கல்லை இறக்காமல் கீழே இறங்கி நின்று பார்த்தார்கள்.

கஸ்பார் வந்தான். துணியைப் பார்த்தான், வேகத்தைக் குறைத்தான், முகத்தைப் பார்த்தான், வயிற்றைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். விரலை ஆட்டவில்லை. வாய் நிறையச் சிரித்து, தலையைப் பலமாக ஆட்டி, கைப்பிடியை முழுசாக முறுக்கிக் குனிந்து படுத்தான். கடைசிச் சுற்று என்றால் முழுவேகம் என்பதை இத்தனை பந்தயம் பார்த்த நாங்கள் ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. அந்த வேகத்தில், தலையைக் கவிழ்த்துக்கொண்டு, நாலு பாகத்துக்குள் திரும்பவேண்டும். கித்தேரி என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. ஆறு நிமிஷச் சுற்றை அவன் நாலரை நிமிஷத்தில் முடித்தான் என்று பிற்பாடு சொன்னார்கள், எனக்கு அது ஒரு வருஷம் மாதிரி இருந்தது. வள்ளம் வடக்கே திரும்பியது, கல்லில் பக்கவாட்டில் உரசி நீலப் பெயின்ட் தூளாகப் பறந்தது, அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டது.

மணலில் ஏறி எஞ்சினை நிறுத்தினான். அந்த நிசப்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டிராத பிள்ளைகள் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன. நாய்கள் வீட்டுக்குள் ஓடின. யாரோ ஒருத்தி அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவள், இனி எதை வைத்து வடிப்பேன் என்று வாய்விட்டே கேட்டாள்.

கஸ்பார் வள்ளத்திலிருந்து குதித்து, ஈரமணலில் வழுக்கி, சிரித்துக்கொண்டே நேராக ஜெனோவாவிடம் போனான். "ஏட்டி, மெலிஞ்சிட்டியே ஒரு மணி நேரத்துல? வெயில்ல நின்னியா?" என்றான். அவள் வாயில் அப்பா என்கிற வார்த்தை வந்து அப்படியே நின்றது. "எதுக்கு அழுத? ஜெயிச்சாச்சுல்லா? ஒருத்தனும் எம்பின்னால இல்லியே." சுற்றி நின்றவர்களைப் பார்த்தான், அவனுக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது, திருவிழாவுக்கு வந்த வெளியூர்க் கூட்டம் என்று எண்ணியிருப்பான். என்னையும் பார்த்தான், கண் என்மேல் நிற்காமல் தாண்டிப் போனது. மன்னிப்புக் கேட்க நான் ஒத்திகை பார்த்து வந்திருந்த ஒரு வார்த்தையும் எனக்கு நினைவில் இல்லை.

ஜெனோவா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அவள் பார்த்த பக்கம் கஸ்பாரும் பார்த்தான். கித்தேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சொம்பில் தண்ணீரோடு, மாராப்பு விலகியதுகூடத் தெரியாமல் கிட்டத்தட்ட ஓடிவந்துகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது, இருபத்திரண்டு வருஷத்து வெயில், பாதி நரைத்த தலை. கஸ்பாரின் முகம் மலர்ந்தது. மடித்துக் கட்டியிருந்த கைலியை மரியாதையாகக் கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"அடடே, மாமியா! வாங்க மாமி. எப்பம் ஊருலேர்ந்து வந்திய?"

கித்தேரியின் அம்மா செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கித்தேரி நடையை நிறுத்தினாள். மகளைப் பார்த்தாள், மகளின் வயிற்றைப் பார்த்தாள், சொம்பை அவனிடம் நீட்டினாள். அவன் அண்ணாந்து தண்ணீரைக் குடிக்கிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இப்பத்தான் வந்தேன் மருமவனே," என்றாள், முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு.